டைம்ஷேர் மெம்பர்ஷிப் வாங்கலாமா, லாட்ஜ்ல ரூம் போட்டே போய்ட்டு வரலாமா? மதுரைக் குடும்பங்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மதுரை திருநகர்ல இருக்கேன், ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கொஞ்ச வருஷம் முன்னாடி நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு ஹாலிடே கம்பெனி டைம்ஷேர் விக்கிற கூட்டத்துக்குப் போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்து, நாலு நாள் தூங்காம கணக்குப் போட்டுப் பாத்து, அப்பறம் கேன்சல் பண்ணோம். அது தெரிஞ்சதுல இருந்து ஸ்டாஃப் ரூம்லயும் சொந்தக்காரங்க விசேஷத்துலயும் யாராவது ஒருத்தர் என்னைப் பிடிச்சு "டீச்சர், எங்களுக்கும் கால் வந்துருக்கு, போலாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டா நல்லதுன்னு எழுதுறேன். பொறுமையா படிங்க, லட்சக்கணக்குல காசு போற விஷயம்.

டைம்ஷேர்னா என்ன? ரிசார்ட்ல நமக்குன்னு ஒரு ரூம் சொந்தமா கெடைக்குமா?

கெடைக்காது. இத மொதல்ல மனசுல வாங்கிக்கங்க. நம்ம ஊர்ல விக்கிற மெம்பர்ஷிப் பெரும்பாலும் தங்குற உரிமை மட்டும்தான், வருஷத்துக்கு இத்தன நாள் (பொதுவா 7 நாள்), இத்தன வருஷத்துக்கு (10 இல்ல 25), அந்தக் கம்பெனி ரிசார்ட்டுகள்ல எடம் காலியா இருந்தா தங்கிக்கலாம். பத்திரம் கெடையாது, பட்டா கெடையாது, பேங்க்ல அடமானம் வைக்க முடியாது, அத்தன வருஷமும் முடிஞ்சா உங்க கையில ஒண்ணும் மிஞ்சாது. இந்த யோசனை 1960கள்ல பிரான்ஸ் நாட்டு மலைப்பக்கம் ஆரம்பிச்சது, நம்ம ஊருக்கு 1986ல ஸ்டெர்லிங், 1996ல மஹிந்திரான்னு வந்துச்சு. ரெண்டுமே நெஜமான ரிசார்ட் நடத்துற பெரிய கம்பெனிங்க, அதனால டைம்ஷேர்னாலே ஏமாத்துன்னு நான் சொல்ல வரல. நம்ம குடும்பத்துக்கு அது பொருந்துமா பொருந்தாதாங்கறதுதான் கேள்வி.

கூட்டத்துல ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டுனாங்க, 25 வருஷத்துல 20 லட்சம் மிச்சம்னு வருதே, அது பொய்யா?

கூட்டல் பெருக்கல்ல தப்பு இருக்காது, எடுத்துக்குற நம்பர்லதான் விஷயம். எங்களுக்குக் காட்டுன பேப்பர இன்னும் பத்திரமா வச்சுருக்கேன். அதுல ஹோட்டல் ரூம் ஒரு நாளைக்கு 8,000 ரூவான்னு ஆரம்பிச்சு வருஷா வருஷம் 10 சதவீதம் ஏத்திக்கிட்டே போயிருந்தாங்க, ஆனா மெம்பர் கட்ட வேண்டிய வருஷச் சந்தா மட்டும் 25 வருஷத்துக்கும் அதே தொகையா நின்னுச்சு, அது எப்புடி? ஹோட்டல்காரனுக்குக் கரெண்டு பில், சம்பளம் எல்லாம் ஏறுதுன்னா ரிசார்ட்காரனுக்கும் ஏறத்தானே செய்யும். இன்னொண்ணு, நாங்க எங்க வாழ்க்கையில 8,000 ரூவா ரூம்ல தங்குனதே இல்ல. நாம தங்காத ரூம் வாடகைய நாம மிச்சம் பிடிச்சதா கணக்குல எழுதக்கூடாது இல்லையா.

சரி டீச்சர், நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்?

காட்டுறேன். நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க பேப்பர்ல இருக்குற நம்பரப் போட்டு நீங்களும் இதே மாதிரி செஞ்சு பாருங்க.

மெம்பர்ஷிப் 5 லட்சம்னு வைங்க. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5,90,000. வருஷச் சந்தா 20,000, அதுக்கும் ஜிஎஸ்டி சேத்தா 23,600. இப்ப 25 வருஷம் தள்ளி வர்ற காச எப்புடிக் கூட்டுறதுன்னு நெறய பேர் கொழம்புறாங்க, ஒரு சின்ன வழி இருக்கு. பேங்க்ல டெபாசிட் போட்டா கெடைக்கிற வட்டியும், சந்தாவும் ரூம் வாடகையும் வருஷா வருஷம் ஏறுற அளவும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிரும், அப்ப எல்லாத்தையும் இன்னைக்கு வெலையிலயே கூட்டிக்கலாம். 23,600 பெருக்கல் 25, அது ஒரு 5,90,000. மெம்பர்ஷிப்போட சேத்தா மொத்தம் 11,80,000. வருஷத்துக்கு 7 ராத்திரி வீதம் 175 ராத்திரி. வகுத்தா ஒரு ராத்திரிக்கு 6,743 ரூவா வருது.

இது நீங்க 25 வருஷமும் ஒரு வருஷம் விடாம 7 நாளும் தங்குனாத்தான். பிள்ளைக்கு 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு, வீட்ல ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கொரோனான்னு வந்து சராசரியா 4 ராத்திரிதான் தங்குனீங்கன்னா 100 ராத்திரி, ஒரு ராத்திரி 11,800. கொடைக்கானல்ல 2,200 ரூவாக்கு சுத்தமான ரூம்ல தங்குற குடும்பம் எதுக்கு 11,800 ரூவாக்குப் போகணும்?

இதையே இன்னொரு மாதிரியும் பாருங்க. எங்க குடும்பம் ஒரு வருஷத்துல மே மாசம் கொடைக்கானல் 2 ராத்திரி, சாரல் நேரத்துல குத்தாலம் 1 ராத்திரி, காலாண்டு லீவுல ராமேஸ்வரம் 1 ராத்திரி. அத்தை, மாமா, நாத்தனா, அவங்க பொண்ணு எல்லாரும் சேந்து 8 பேரு, அதனால எப்பவும் 2 ரூம். ஆக 8 ரூம் வாடகை, சராசரி 2,200 போட்டா 17,600, ஜிஎஸ்டி 5 சதவீதம் 880, மொத்தம் 18,480. நல்லாப் பாருங்க, மெம்பர்ஷிப் காச விடுங்க, வெறும் வருஷச் சந்தா 23,600லயே எங்க முழு வருஷ ரூம் செலவும் முடிஞ்சு 5,000 ரூவாக்கு மேல மிச்சம் இருக்கு. அந்த 5,90,000 எங்க டெபாசிட்லயே கெடக்கும், அது எங்க பொண்ணு காலேஜுக்கு.

லாட்ஜுக்கும் ஜிஎஸ்டி இருக்குல்ல?

இருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூவா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதுக்கு முன்னாடி 12 சதவீதமா இருந்துச்சு. 7,500க்கு மேல போனா 18. நம்ம தங்குற ரூம் எல்லாம் அந்த 5லதான் வரும்.

இஎம்ஐ போட்டுக்கலாம்னு சொல்றாங்க, மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிரலாமே?

5 லட்சத்துக்கு 15 சதவீத வட்டியில 4 வருஷம்னா மாசம் ஏறக்குறைய 13,900 வரும், கடைசியில கட்டி முடிக்கிறப்ப 6 லட்சத்து 68 ஆயிரம், அதாவது 1 லட்சத்து 68 ஆயிரம் வட்டி மட்டும். அந்த மாசம் 13,900ல கொடைக்கானலுக்கு மாசா மாசம் போய்ட்டு வரலாம், நெஜமாவே. வட்டி எத்தன சதவீதம்னு பேப்பர்ல எழுதி வாங்காம தலைய ஆட்டாதீங்க, "ஜீரோ காஸ்ட்"னு சொன்னா மொத்தமா கட்டுற வெலையும் இஎம்ஐ கூட்டுத்தொகையும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூன்னு கலர் சொல்றாங்களே, எதை எடுக்குறது?

இதுல ஸ்கூல் பிள்ளைங்க இருக்குற வீடு ரொம்ப கவனமா இருக்கணும். வருஷத்தோட 52 வாரத்தையும் கூட்டத்துக்குத் தக்கன பிரிச்சு கலர் குடுத்துருக்காங்க, பர்ப்பிள் இருந்தா எந்த வாரமும் கேக்கலாம், ப்ளூ இருந்தா கூட்டமே இல்லாத வாரம் மட்டும்தான். ப்ளூதான் வெல கம்மி, கூட்டத்துல பட்ஜெட் இடிக்குதுன்னு சொன்னீங்கன்னா டக்குனு அதைத்தான் காட்டுவாங்க. ஆனா நமக்கு லீவு எப்ப? காலாண்டு பரீட்சை முடிஞ்சு, அரையாண்டு முடிஞ்சு, பொங்கல், அப்பறம் ஏப்ரல் கடைசி மே. எல்லா ஊர்ப் பிள்ளைங்களுக்கும் அப்பதான லீவு, அதனால மலைப்பக்கம் அந்த வாரங்க எல்லாமே மேல் கலர்லதான் இருக்கும். ப்ளூவ எடுத்துட்டு பிள்ளைங்களுக்கு லீவு போட்டா ஜூலை மழையில கூட்டிட்டுப் போறது? நானே டீச்சர், எனக்கு லீவு கெடைக்காது. வாங்குறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா உங்க பிள்ளைங்க ஸ்கூல் காலண்டரையும் கம்பெனியோட சீசன் காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டிக் போட்டுப் பாருங்க, அப்பறம் கலரப் பத்திப் பேசலாம்.

பர்ப்பிள் வாங்குனா மே மாசம் ரூம் கண்டிப்பா கெடைக்குமா?

கேக்குற உரிமை கெடைக்கும், ரூம் கெடைக்குமாங்கறது யாரு முந்துறாங்கங்கறதப் பொறுத்தது. எங்க ஸ்கூல்ல ரிட்டயர்ட் ஆன ஒரு டீச்சர் மெம்பரா இருக்காங்க, புக்கிங் தொறக்குற அன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சு உக்காந்து மாசக்கணக்குல முன்னாடியே போட்டுருவாங்க, அவங்களுக்குக் கெடைக்குது. நம்ம வீட்ல அப்புடியா நடக்குது, வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடுறப்ப மச்சான் போன் போட்டு "சனி ஞாயிறு போலாமா"ன்னா வெள்ளிக்கிழமை பையத் தூக்கிக்கிட்டு ஆரப்பாளையம் பஸ்ஸ்டாண்டுல நிப்போம். மதுரைக்காரங்களுக்கு இது ஒரு பெரிய வசதி, பக்கத்துலயே எல்லாம் இருக்கு. கொடைக்கானல் 120 கிலோமீட்டருக்குள்ள, மூணாறு, குத்தாலம், ராமேஸ்வரம் எல்லாம் 150, 170ல. டெல்லியிலயும் மும்பையிலயும் இருக்கறவங்க மலையப் பாக்கணும்னா ஒரு வாரம் லீவு போட்டு பிளைட் ஏறணும், அவங்களுக்கு 7 நாள் மொத்தமா தங்குற திட்டம் சரியா இருக்கலாம். நம்மளுக்கு காலையில இட்லி சாப்பிட்டுக் கெளம்புனா மத்தியான சாப்பாட்டுக்கு மலையில இருப்போம், எதுக்கு 7 நாள்? ரெண்டு நாள்லயே ஏரி, பிரையண்ட் பூங்கா, குறிஞ்சியாண்டவர் கோயில், பூம்பாறை எல்லாம் பாத்துட்டு மூணாவது நாள் அத்தை "வீட்ல துளசிக்கு யாரு தண்ணி ஊத்துவா"ன்னு ஆரம்பிச்சுருவாங்க.

இன்னொரு விஷயம், ரூம் கையில இருந்தாலும் வண்டி மேல ஏறணும்ல. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் வண்டி போகணும், 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு அளவும் வச்சாங்க. மெம்பர்னாலும் லாட்ஜ்னாலும் இது எல்லாருக்கும் ஒண்ணுதான், ரூம் போடுறதுக்கு முன்னாடி இ-பாஸ் பாத்துக்கங்க.

நாங்க கூட்டுக் குடும்பமா போவோம், 8 பேரு 10 பேரு. ஒரே மெம்பர்ஷிப்ல எல்லாரும் தங்க முடியாதா?

யூனிட் அளவப் பொறுத்து ஆள் கணக்கு உண்டு. பெரும்பாலும் ஸ்டுடியோன்னா (தனி பெட்ரூம் இல்லாத ஒரே ரூம்) 2 பெரியவங்க, 2 சின்னப் பிள்ளைங்க. ஒரு பெட்ரூம்னா கொஞ்சம் கூட. அதுக்கு மேல ஆளு வந்தா தனியா காசு, இல்லன்னா இன்னொரு ரூம். லாட்ஜ்லயும் ஆள் கணக்கு உண்டுதான், ஆனா கவுண்டர்ல நின்னு "அண்ணே, அப்பத்தாவும் பேத்தியும்தான், ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுக் குடுங்க"ன்னு பேசிக்கலாம், 300, 400ல முடிஞ்சுரும். 2 ராத்திரி தங்குறப்ப 4 ரூம், அடுத்த தடவ 1 ரூம்னு நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். மெம்பர்ஷிப்ல நாள மிச்சப்படுத்தி அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகலாம்னு சொல்வாங்க, அதுக்கும் எத்தன நாள் எத்தன வருஷம்னு வரம்பு இருக்கும், ஒப்பந்தத்துல பாருங்க.

சாப்பாடு?

இதை யாருமே கூட்டத்துல கேக்குறதில்ல, எனக்கு அதான் வருத்தம். மெம்பர்ஷிப்ங்கறது ரூமுக்கு மட்டும்தான். ரிசார்ட் நெறய எடத்துல ஊருக்கு வெளிய தனியா இருக்கும், பக்கத்துல மெஸ் இருக்காது, ராத்திரி 8 மணிக்குப் பசின்னா அங்கதான் சாப்பிடணும். ஒரு ஆளுக்கு ஒரு வேளை 600 ரூவான்னு வச்சாக்கூட 4 பேருக்கு 3 வேளை 7,200, ஏழு நாளுக்கு 50,400. அதே நாலு பேரு பஸ்ஸ்டாண்ட் பக்கத்துல லாட்ஜ்ல தங்கி வெளிய சாப்பிட்டா ஆளுக்கு வேளைக்கு 150, நாளைக்கு 1,800, ஏழு நாளுக்கு 12,600. ரூம் ஃப்ரீன்னு நெனச்சுப் போயி 38,000 ரூவா சாப்பாட்டுல கூடக் குடுத்துட்டு வரோம். எங்க அத்தைக்கு சுகர், காலையில 8 மணிக்கு ரெண்டு இட்லி இருக்கணும், ராத்திரி கோதுமை தோசை, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். அவங்களுக்கு எதுக்கு 600 ரூவா பஃபே?

சில யூனிட்ல சின்னதா கிச்சன் இருக்கும், அது நெஜமாவே நல்ல விஷயம், நான் மறைக்க மாட்டேன். கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு பால் காய்ச்ச, கஞ்சி வைக்க ரொம்ப உதவும். ஆனா அடுப்பு இருக்கா, இன்டக்‌ஷன் மட்டுமா, பாத்திரம் குடுப்பாங்களா, அதுக்குத் தனிக் காசா, வெளியில இருந்து அரிசி காய்கறி கொண்டு வர விடுவாங்களான்னு அந்த ரிசார்ட்டுக்கே போன் போட்டுக் கேளுங்க, விக்கிறவங்ககிட்ட கேக்காதீங்க.

பாங்காக், சிங்கப்பூர்லயும் தங்கலாம்னு சொன்னாங்க?

ஆர்சிஐன்னு 1974ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு கம்பெனி இருக்கு, ஒரு நாட்டு மெம்பர் தன் வாரத்த விட்டுக் குடுத்துட்டு வேற நாட்டு ரிசார்ட்ல வாரம் வாங்கிக்கலாம், நெஜமாவே நடக்குறதுதான். ஆனா மாத்துறதுக்குத் தனிக் கட்டணம், அதுக்கும் மேல 4 பேருக்கு பிளைட், விசா, சாப்பாடு. அந்த டூர் செலவுல ரூம் ஒரு சின்னப் பங்குதான். வருஷா வருஷம் வெளிநாடு போற வீடுன்னா யோசிங்க, வாழ்க்கையில ஒரு தடவ போறதுக்கு 25 வருஷம் சந்தா கட்ட வேணாம்.

அப்ப யாருக்குத்தான் இது லாபம்?

நான் மேல சொன்ன ரிட்டயர்ட் டீச்சருக்கு. அவங்க பசங்க ஒருத்தர் சென்னை, ஒருத்தர் பெங்களூரு, வருஷத்துல ஒரு வாரம் எல்லாரும் ஒரே எடத்துல கூடணும்னு வாங்குனாங்க. மாசக்கணக்குல முன்னாடியே தேதி முடிவு பண்றாங்க, ஏழு நாளும் ஒரே எடத்துல உக்காந்து பேரப்பிள்ளைங்களோட இருக்காங்க, ஊர் சுத்துறதே இல்ல. மெம்பர் ஆகுறதுக்கு முன்னாடியும் அந்தக் குடும்பம் 7,000, 8,000 ரூவா ரிசார்ட்லதான் தங்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கு இது சரியா இருக்கு, சந்தோஷமாவும் இருக்காங்க.

ஆக நீங்க இப்பவே அந்த மாதிரி ரிசார்ட்டுக்கு வருஷம் 7 நாள் காசு குடுத்துப் போறவங்களா இருந்தா மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க. 2,000 ரூவா லாட்ஜ்ல சந்தோஷமா இருக்குற குடும்பம் இத மிச்சம்னு நெனச்சு வாங்குனா அது மிச்சம் கெடையாது, கூடுதல் செலவு. நல்ல ரிசார்ட்ல தங்கணும்னு ஆசையா இருந்தா அதுல தப்பே இல்ல, அதுக்கு மெம்பர் ஆகணும்னும் அவசியம் இல்ல. ஸ்டெர்லிங் ரிசார்ட்டுகள்ல மெம்பர் இல்லாதவங்களும் நேரா ரூம் போடலாம். அதனால ஒரு தடவ காசு குடுத்து 2 நாள் தங்கிப் பாருங்க, அத்தைக்குப் பிடிக்குதா, பிள்ளைங்க போர் அடிக்குதுன்னு சொல்லுதா, சாப்பாட்டு பில் எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சுரும். அங்க தங்கியிருக்குற மெம்பர்ககிட்டயும் பேசுங்க, மே மாசம் கேட்டா கெடைக்குதான்னு அவங்க சொல்லுவாங்க.

பரிசு விழுந்துருக்கு, ஜோடியா வாங்கன்னு கூப்பிடுறாங்க. போய்ட்டு கிஃப்ட் மட்டும் வாங்கிட்டு வந்துரலாமா?

எங்களுக்கும் அப்புடித்தான் ஆரம்பிச்சது. ஒரு துணிக்கடை வாசல்ல கூப்பன் எழுதிப் போட்டேன், மூணு வாரத்துல போன், "மேடம் உங்களுக்கு 3 நாள் ஃப்ரீ ஸ்டே, சாரோட சேந்து வந்து வாங்கிக்கங்க". பைபாஸ் ரோட்டுல ஒரு ஹோட்டல் ஹால். ஒன்றரை மணி நேரம்னு சொன்னாங்க, மூணே கால் மணி நேரம் ஆச்சு. மொதல்ல ஒரு தம்பி ரொம்ப மரியாதையா குடும்பத்தப் பத்தி விசாரிச்சாரு, கடைசியா எங்க போனீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு, அப்பறம் ஒரு மேனேஜர், அப்பறம் அவருக்கு மேல ஒரு மேனேஜர். சின்னவன் தூக்கத்துல அழ ஆரம்பிச்சுட்டான். "இன்னைக்கு மட்டும்தான் இந்த வெல, வாசல்படி தாண்டுனா 1 லட்சம் கூட"ன்னாங்க. சுத்தியும் பாட்டு, கை தட்டல், பக்கத்து மேஜைல யாரோ வாங்கிட்டாங்கன்னு மைக்ல சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரு "பிள்ளைங்களுக்காகத்தானே"ன்னு சொன்னாரு, நானும் சரின்னேன், கார்டுல 25,000 தேச்சுட்டு வந்தோம். தெனமும் பிள்ளைங்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லித் தர்ற எனக்கே அந்த ஹால்ல கணக்கு ஓடல, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அந்த ஃப்ரீ ஸ்டே வவுச்சர்ல சீசன்ல செல்லாது, வரி தனி, சாப்பாடு அங்கயே வாங்கணும்னு பொடி எழுத்துல இருந்துச்சு. நாங்க அதப் பயன்படுத்தவே இல்ல. போறதா இருந்தா கார்டையும் செக் புக்கையும் வீட்ல வச்சுட்டுப் போங்க, ஒப்பந்தத்தோட காப்பி குடுங்க வீட்ல படிச்சுட்டு வரேன்னு கேளுங்க. குடுக்க மாட்டோம்னு சொன்னா அதுக்கு மேல அங்க உக்காந்துருக்க வேண்டியதில்ல.

கையெழுத்துப் போட்டாச்சு டீச்சர், இப்ப என்ன பண்றது?

பதறாதீங்க, ஆனா ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க. ஒப்பந்தத்துல கேன்சல் பண்றதுக்கு எத்தன நாள் டயம்னு ஒரு பிரிவு இருக்கும், எங்க பேப்பர்ல 10 நாள்னு 14ஆம் பக்கத்துல இருந்துச்சு. அந்த நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும். போன்ல சொன்னா கணக்குல வராது, போன்ல "யோசிங்க மேடம், ஒரு ஆஃபர் தரோம்"னு பேசிப் பேசியே நாளக் கடத்திருவாங்க, எங்களுக்கு மூணு தடவ அப்புடி வந்துச்சு. நாங்க மெயில் ஒண்ணு, அதே லெட்டர ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல ஒண்ணு அனுப்புனோம். மெம்பர் நம்பர், காசு கட்டுன தேதி, எந்தப் பிரிவுப்படி கேன்சல் பண்றோம், காசு எந்த அக்கவுண்டுக்குத் திரும்ப வரணும், இவ்வளவுதான் லெட்டர். காரணம் வளத்து எழுத வேணாம். இஎம்ஐக்கு பேங்க்ல கையெழுத்துப் போட்டுருந்தா பேங்க்குக்கும் தனியா ஒரு லெட்டர் குடுங்க, அதை விட்டுட்டா மாசா மாசம் காசு போய்க்கிட்டே இருக்கும். எங்களுக்கு 25,000 திரும்ப வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா முழுசா வந்துச்சு.

நாள் தாண்டிப் போயிருந்தா, இல்ல சொன்னது ஒண்ணு எழுதுனது ஒண்ணா இருந்தா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுல பதிவு பண்ணுங்க. அதுலயும் தீரலன்னா நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம்னு 2019 சட்டத்துல இருக்கு. குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கெடையாது, வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்ல, ஆன்லைன்லயே குடுக்கலாம். பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

வேணாம்னு தோணுனா யாருக்காவது வித்துரலாம்ல?

விக்கலாம், ஆனா குடுத்த வெலைக்கு வாங்க ஆள் கெடைக்கிறது ரொம்பக் கஷ்டம். பேர் மாத்தக் கட்டணம் இருக்கும், பழைய பாக்கிச் சந்தா இருந்தா அதையும் அடைக்கணும். இதுல இன்னொரு ஏமாத்து நடக்குது, "உங்க மெம்பர்ஷிப்புக்கு நல்ல வெலைக்குப் பார்ட்டி ரெடியா இருக்கு, ஜிஎஸ்டிக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் மட்டும் முன்னாடி கட்டுங்க"ன்னு போன் வரும். கட்டுன பின்னாடி அந்த நம்பர் எடுக்காது. விக்கிறவங்க கையில காசு வரணுமே தவிர விக்கிறவங்க கையில இருந்து காசு போகக்கூடாது, அப்புடி ஒரு ரூவா முன்னாடி கேட்டாலும் போனக் கீழ வச்சுருங்க.

லாட்ஜ்னா அத்தை மாமாவக் கூட்டிட்டுப் போக யோசனையா இருக்கு, சுத்தமா இருக்குமா, எதைப் பாத்து ரூம் போடணும்?

நியாயமான பயம்தான், எல்லா லாட்ஜும் ஒண்ணா இருக்காது. மொதல்ல தெரிஞ்சவங்க வழியாத் தேடுங்க. வீட்ல யாராவது பேங்க்லயோ எல்ஐசிலயோ வேலை பாத்தா கொடைக்கானல், ஊட்டி மாதிரி எடத்துல அவங்களுக்குன்னு ஹாலிடே ஹோம் இருக்கான்னு கேளுங்க, ரொம்பக் கம்மிக் காசுல கெடைக்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட ஹோட்டல் தமிழ்நாடு கொடைக்கானல்லயும் ராமேஸ்வரத்துலயும் இருக்கு, எடம் விசாலமா இருக்கும், வண்டி நிறுத்த வசதி, பெரியவங்களுக்கு நல்லா இருக்கும், சீசனுக்கு முன்னாடியே போட்டுருங்க.

தனியார் லாட்ஜ்னா ஆப்ல போட்டோ பாத்துட்டு நேரா லாட்ஜுக்கே ஒரு போன் போடுங்க, நெறய தடவ ஆப் வெலைய விட 200, 300 கம்மியா தருவாங்க. போன்ல நான் கேக்குறது எல்லாம் இதுதான்: ரூம் எந்த மாடி, லிஃப்ட் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் நாள் பூரா வருமா இல்ல காலையில 6ல இருந்து 9 வரைக்கும் மட்டுமா, செக் அவுட் 12 மணிக்கா இல்ல 24 மணி நேரக் கணக்கா, எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, கம்பளி தனியாக் கேட்டாத் தருவாங்களா. ராமேஸ்வரம்னா கோயிலுக்கு எவ்வளவு தூரம்னு கேளுங்க, அக்னி தீர்த்தத்துல குளிச்சுட்டு ஈரத் துணியோட அத்தை எவ்வளவு தூரம் நடப்பாங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்னைக்கு மட்டும் அங்க போகாதீங்க, வாடகையும் கூட்டமும் தாங்காது. குத்தாலத்துல சாரல் சீசன்ல சனிக்கிழமை வெல வேற, செவ்வாய்க்கிழமை வெல வேற.

போய் எறங்குன உடனே காசு கட்டாதீங்க. மாமாவ ஹால்ல உக்கார வச்சுட்டு நீங்க மேல போயி பாத்ரூம் கதவத் தொறந்து பாருங்க, பைப்பத் திருகிப் பாருங்க, பெட்ஷீட்டத் தூக்கிப் பாருங்க, ஜன்னல் தாழ்ப்பாள் விழுதான்னு பாருங்க. பிடிக்கலன்னா வேற ரூம் காட்டச் சொல்லுங்க, காட்டுவாங்க. அதுவும் சரியில்லன்னா அதே தெருவுல இன்னும் நாலு லாட்ஜ் இருக்கும், வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம்.